ஹவாய் இளவரசியும் எங்கள் இரண்டாம் பிள்ளையும்

1

இலண்டனிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் முதலில் பனியைப் பற்றியும் பிறகு பாதாள ரயிலைப் பற்றியும் எழுதுவது வழக்கம். எனக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு ஹவாய் இளவரசி. அவளையும் நான் தேடிப் போகவில்லை. 1993 தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, என் மகள் வினோ பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள்.

வினோவுக்கு அப்போது பதினான்கு வயது. வெளிநாட்டில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதி, அவருடைய வம்ச வரைபடத்தையும் கீறிவர வேண்டும் என்று வகுப்பில் ஓர் ஒப்படை. யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்களாம். பக்கத்து மேசைக்காரிக்கு ஒரு கிரிக்கெட் வீரர் கிடைத்தார். எங்கள் வீட்டுக்கு இளவரசி.

"அப்பா, ஹவாய் எங்கை இருக்கு?" என்று சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

"பசிபிக் சமுத்திரத்தின்ரை நடுவிலை. தீவு."

"எங்கட மாதிரியோ?"

"எங்கட மாதிரித்தான். ஆனால் அங்கை ஆக்கள் விரும்பிப் போறவை."

நான் வேலை செய்வது ஒரு நூலகத்தில். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் நான் நூலகர் ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். வாசகர்கள் திருப்பிக் கொடுக்கும் புத்தகங்களை எடுத்த இடத்தில் கொண்டுபோய் அடுக்குவது என் உத்தியோகம். அதற்கு முன் யாழ்ப்பாணம் கச்சேரியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில், பதினைந்து வருடம் கிளாக்கர். 'இந்தத் தாள் போதாது, அடுத்த கிழமை வாருங்கோ' என்று சொல்லிச் சொல்லியே பதவி உயர்வு பெற்றவன். என்னிடம் அலைந்தவர்களின் சாபம் எவ்வளவு தூரம் பறக்கும் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

2

இளவரசியைப் பற்றி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் இருந்தன. வினோவுக்கு முன்னால் நானே மூன்றையும் வாசித்து முடித்தேன். அவளுடைய முழுப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அச்சுக்கோப்பவர் என்னோடு பேசமாட்டார்.

சுருக்கம் இதுதான். தாய் அந்தத் தீவுகளின் அரச குடும்பத்துப் பெண். தகப்பன் ஸ்கொட்லாந்தில் பிறந்து, இந்தத் தீவுகளுக்கு வந்து வியாபாரம் செய்தவர். பிள்ளை வளர்ந்தது மயில்கள் திரியும் தோட்டத்தில். பதினொரு வயதில் தாயை இழந்தாள். தாய்மாமன் அரசர். அவருக்குப் பிள்ளையில்லை. அவருக்குப் பின் அரசியானவள் தாயின் அக்கா. அவளும் பிள்ளை பெறாதவள். ஆகவே முடி இந்தப் பிள்ளைக்குத்தான் என்று முடிவாயிற்று. முடி சூடப்போகிறவள் நாலு எழுத்து இங்கிலீஷ் படித்தால் நல்லதென்று அரசர் இருக்கும்போதே, பதின்மூன்று வயதில், கப்பலேற்றிவிட்டார்கள். தகப்பனின் மூத்த குடும்பத்து அக்கா ஒருத்தியும் துணைக்கு வந்தாள். 'ஒரு வருடம்தான்' என்று சொல்லியிருந்தார்கள்.

நானும் 1984இல் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டேன். கச்சேரியில் ஒரு வருட லீவு எழுதிக் கொடுத்தேன். அந்த லீவு இன்னும் முடியவில்லை. ஆள்தான் முடிந்துகொண்டிருக்கிறேன்.

இளவரசியின் ஒரு வருடம் எட்டு வருடமாயிற்று. அக்கா இடையில் திரும்பிப் போய்விட்டாள். பிறகு ஒரு நாள், பிள்ளையைப் பொறுப்பெடுத்திருந்த கனவானுக்குத் தந்தி வந்தது: அரசியை இறக்கியாயிற்று, அரசாட்சியும் இல்லை, பிள்ளைக்குப் பக்குவமாய்ச் சொல்லவும் என்ற கருத்தில்.

"அப்ப அவ திரும்பிப் போறதுக்கு வீடு இல்லை," என்றாள் வினோ. "ஸ்டக், அப்பா."

"ஓம் பிள்ளை. ஸ்டக்."

அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நான் நேரத்தை வீணாக்கவில்லை. இல்ஃபோர்டில் எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்தச் சொல்லுக்குள்தான் குடியிருக்கிறோம்.

வினோ வரைபடம் கீறத் தொடங்கினாள். "இந்த அரசி அவவுக்கு ஆன்ட் எண்டு போட்டிருக்கு. எந்த ஆன்ட்? மாமியோ?"

"தாயின்ரை அக்கா. பெரியம்மா."

குசினியில் என் மனைவி பவளம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

3

அடுத்த சனிக்கிழமை வினோ அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். நான் முதலிலேயே கண்டுவிட்டு, அவள் கண்ணில் படாதிருக்கட்டும் என்று மனதுக்குள் நேர்ந்திருந்த பக்கம்.

அந்தத் தீவுகளில் ஒரு வழக்கம். பிறந்த பிள்ளையை உறவுக்குள், நட்புக்குள் யாருக்காவது வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். ஏழைகள் மட்டுமல்ல, அரச குடும்பமும்தான். அரசியாயிருந்த பெரியம்மாவே அப்படிப் பிறந்தவுடன் இன்னொரு பிரபுவின் வீட்டுக்குப் போனவள். கூடப்பிறந்தவர்கள் ஆளுக்கொரு கூரையின் கீழ் வளர்ந்தார்கள். கொடுத்தவர்களுக்கு வெட்கமில்லை. வாங்கியவர்களுக்குக் கடனில்லை. பிள்ளைக்கு இரண்டு வீடு. பிறகு எல்லோரும் சகோதரராகவே கூடி, ஒருவர் பின் ஒருவராக அரசும் ஆண்டார்கள். யாரும் அவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை.

வினோவின் வரைபடத்தில் பெற்றவர்களுக்கு நேர்கோடு, வளர்த்தவர்களுக்குப் புள்ளிக்கோடு. பென்சிலை எறிந்தாள்.

"திஸ் இஸ் ஸிக், அப்பா. பேபியைத் தூக்கிக் குடுக்கிறதோ? பூனைக்குட்டி மாதிரி? என்ன மாதிரி அம்மாமார் இவை?"

பவளம் குசினி வாசலில் வந்து நின்றாள். நேராக என்னைப் பார்த்தாள். "அவளுக்குச் சொல்லுங்கோ."

"இப்பவோ?"

"நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்."

சொன்னேன். கச்சேரிக் குரலில்தான் சொன்னேன், வேறு குரல் எனக்கு வரவில்லை. நீ கசின் என்று நினைத்துப் பிறந்தநாள் அட்டை அனுப்பும் சுபா உன் கூடப்பிறந்த தங்கச்சி. பவளத்தின் அக்காவுக்குக் கலியாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் பிள்ளையில்லை. எங்களுக்கு இரண்டாவது வயிற்றில் இருக்கும்போதே பவளம் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, தொட்டிலோடு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கொடுத்தோம் என்று எழுதும்போது பெரிதாகத் தெரிகிறது. அப்போது அப்படித் தெரியவில்லை. இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி, அதிலும் ஆள் நுழைகிற பொட்டு. சுபா அங்கே பால் குடித்துவிட்டுப் பொட்டுக்குள்ளால் தவழ்ந்து வந்து, இங்கே வினோவின் பொம்மையை உடைத்துவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு அங்கே போவாள். அக்கா அவளுக்கு அம்மா. பவளம் சித்தி. நான் சித்தப்பா. நாங்கள் இலண்டனுக்கு வெளிக்கிட்டபோது அவளுக்கு இரண்டு வயது. சுபாவையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்காவின் முகத்தில் விழித்திருக்க முடியாது.

வினோ எறிந்த பென்சிலைக் குனிந்து எடுத்தாள்.

"ஸோ, எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு."

"ஓம்."

"நைன் இயர்ஸ், அப்பா. லோன்லியா இருக்கு எண்டு நான் அழேக்கை ஒரு நாய்க்குட்டி கூட நீங்கள் வாங்கித் தரேல்லை."

மாடிக்குப் போனாள். கதவு சாத்திய வேகத்தில் சுவரில் இருந்த சாமிப் படம் சரிந்தது. பவளம் அதை நேராக்கினாள். பிறகு குசினிக்குப் போய் வெங்காயத்தை எடுத்தாள், அழுவதற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது.

4

ஒரு மாதம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்புக்கு வந்த யாரோ கொண்டுவந்து தபாலில் போட்டிருந்தார்கள். அக்காவின் புருஷன் செத்து இரண்டு வருடம். பள்ளிக்கூடம் பாதி நாள், பதுங்குகுழி பாதி நாள். பிள்ளைக்குப் பதினொரு வயதாகிறது, தனக்குப் பயமாக இருக்கிறது. 'பவளத்தின் பிள்ளையைப் பவளம் எடுக்கட்டும்' என்று முடித்திருந்தாள்.

பவளம் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். "ஒன்பது வருஷமா 'என்ரை பிள்ளை' எண்டுதான் எழுதினவ. எவ்வளவு பயந்திருந்தால் இப்பிடி எழுதுவா?"

மனோர் பார்க் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின், மண்டபத்தின் மூலையில் சோமண்ணை இருப்பார். ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தவர். இங்கே எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். சாமியைக் கும்பிட்ட கையோடு அவரையும் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம்.

"பெத்த பிள்ளைதானே, பிறப்புச் சான்றிதழிலை உம்மடை பேர்தானே இருக்கு? பிறகென்ன?" என்றார்.

பிறகுதான் என் பழைய வீரச்செயலைச் சொன்னேன். 1985இல் அகதி விண்ணப்பம் விசாரித்த உத்தியோகத்தர் 'பிள்ளைகள் எத்தனை' என்று கேட்டார். 'ஒன்று' என்றேன். பவளம் பக்கத்தில் இருந்தாள். அவளும் மறுக்கவில்லை.

சோமண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் தம்பி?"

"குடுத்த பிள்ளையை எப்பிடி அண்ணை எண்ணுறது?"

அவருக்கு அது விளங்கியது. அதுதான் பெரிய சங்கடம். தாமும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. கொடுத்துவிட்டு எண்ணுவது கொடுத்ததைப் பறிப்பது. நான் பொய் சொல்லவில்லை, மரியாதையாக நடந்துகொண்டேன். அந்தக் குடிவரவுக் கந்தோரில் இந்த இரண்டுக்கும் ஒரே கோப்பு.

"இதே பிழையை விட்ட ரெண்டு பேர் உமக்கு முன்னாலை வந்தவை," என்றார். "வெள்ளைக்காரனுக்கு மரியாதை விளங்கும் தம்பி. படிவத்திலைதான் அதுக்குக் கட்டம் இல்லை."

"அக்காவையும் சேர்த்துக் கூப்பிட ஏலாதோ?" என்று பவளம் கேட்டாள்.

"தாய்க்குக் கட்டம் இருக்கு பிள்ளை. தாயின்ரை அக்காவுக்கு இல்லை."

வினோவும் எங்களோடு வந்திருந்தாள். ஒரு மாதமாக என்னோடு ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் மிகக் குறைவாகப் பேசிக்கொண்டிருந்தவள், சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். இளவரசிக்குக் கீறிய மாதிரியே எங்கள் குடும்பத்துக்கு ஒரு வரைபடம். சுபாவிலிருந்து எங்களுக்கு நேர்கோடு, அக்காவுக்குப் புள்ளிக்கோடு. என் பதினைந்து வருட உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமான ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

சோமண்ணை ரசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வடிவாக் கீறியிருக்கிறாய். ஆனால் புள்ளிக்கோட்டை அழி பிள்ளை. அதைக் கண்டால் கேள்வி கேப்பினம்."

"பட் தட்ஸ் நொட் ட்ரூ, அங்கிள்."

"அதுதான் சொல்லுறன். உண்மையைக் கண்டால் கேள்வி கேப்பினம்."

அவள் அழிக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

5

சுபாவின் விசாவுக்குக் கொழும்பில் நேர்முகம் என்று அறிவித்தல் வந்தது. பிள்ளை நேரில் வரவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவது அந்த நாளில் என்ன என்பதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்தக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தவர்கள். நான் கடக்கவில்லை. அந்த நாட்களில் நான் இலண்டனில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். தாவரவியல் வரிசைக்குள் மூன்று சமையல் புத்தகங்களை வைத்துவிட்டதாக மேலதிகாரி மிகவும் நயமாகச் சொன்னாள்.

நேர்முகம் முடிந்த அன்று கொழும்பிலிருந்து தொலைபேசியில் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, நான் என்ன செய்ய? வழி நெடுகச் சொல்லிக்குடுத்துக் கொண்டுதான் வந்தனான். அம்மாவின்ரை பேர் என்னெண்டு வள்ளத்திலையும் கேட்டனான். பவளம், பவளம் எண்டு கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னவள்."

"பிறகு?"

"துரை கேட்டார், உன்ரை அம்மா ஆரெண்டு. மொழிபெயர்க்கிறவர் தமிழிலை சொன்னார். இவள் என்னைத் திரும்பிப் பாத்தாள். நான் தலையைக் குனிஞ்சிட்டன். அது என்ரை பிழை தம்பி. நான் குனிஞ்சிருக்கக் கூடாது."

"என்ன சொன்னவள் அக்கா?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்னைக் கையாலை காட்டிப்போட்டாள்."

பிறகு சுபா பேசினாள். ஒன்பது வருடத்தில் நான் கேட்ட அவளுடைய முதல் குரல்.

"சித்தப்பா, நான் பொய் சொல்லேல்லை."

"இல்லைக் குஞ்சு. நீ சொல்லேல்லை."

"சித்திக்குக் கோவமோ?"

நான் பவளத்தைப் பார்த்தேன். ரிசீவரோடு காதை ஒட்டவைத்து நின்ற பவளம் இல்லையென்று தலையாட்டினாள். தொலைபேசியில் தலையாட்டினால் கேட்காது என்பது அவளுக்குப் பிறகுதான் நினைவு வந்தது. அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

மறுப்புக் கடிதம் கார்த்திகையில் வந்தது. இளவரசியும் பதினேழு வயதில் அமெரிக்காவுக்குப் போய், பெரியம்மாவின் அரசுக்காக ஜனாதிபதியிடம் நியாயம் கேட்டவள். அவரும் மனைவியும் அன்பாக உபசரித்தார்கள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று எல்லோரும் வியந்தார்கள். நாடு மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் கடிதமும் அப்படித்தான், ஒரு சொல் கடுமையில்லை. 1985இல் நீங்கள் ஒரு பிள்ளை என்றீர்கள். 1993இல் பிள்ளை வேறொருவரைத் தாய் என்றாள். வருந்துகிறோம். இந்த நாட்டில் கதவைச் சாத்துகிறவர்கள் சத்தம் வராமல் சாத்துவார்கள்.

"இரத்தப் பரிசோதனை செய்வம் அண்ணை," என்றேன் சோமண்ணையிடம்.

"இரத்தம் உம்மடை எண்டு அவைக்கும் தெரியும் தம்பி. குடும்பம் உம்மடை இல்லை எண்டுதான் சொல்லினம்."

6

மேன்முறையீட்டுக்கு ஒரே ஒரு தாள் தேவைப்பட்டது. அக்கா ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்து வைக்கவேண்டும். சோமண்ணை வாசகத்தைச் சொல்ல, நான் என் கச்சேரிக் கையெழுத்தில் எழுதினேன். 'இந்தப் பிள்ளை பாதுகாப்புக்காக என்னிடம் விடப்பட்டது. நான் அவளுடைய தாய் அல்ல. ஒருபோதும் தாயாக நடந்துகொண்டதும் இல்லை.'

பவளம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். "இதை அக்காவிட்டை ஆர் கேக்கிறது?"

"நான் கேக்கிறன்."

"வேண்டாம். நீங்கள் கேட்டால் கந்தோர்க் காரியம் மாதிரி இருக்கும். நான் கேக்கிறன்."

அக்காவும் சுபாவும் வெள்ளவத்தையில் ஒரு அறையில் தங்கியிருந்தார்கள். பவளம் அந்த வீட்டு எண்ணுக்குத் தொலைபேசி எடுத்து மூன்று வசனத்தையும் வாசித்தாள். கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசிக்க வேண்டி வந்தது. மறுபக்கத்தில் அக்கா ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "எவடத்திலை கையெழுத்து வைக்கவேணும்?"

தை பிறந்தபின் பதிவுத்தபாலில் உறை வந்தது. உள்ளே குண்டூசி குத்திய இரண்டு தாள். முதலாவதில் வாசகம், கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி. இரண்டாவது தாளை நாங்கள் கேட்கவில்லை. 'பவளம் அறிய' என்று தொடங்கி, இலக்கம் போட்டு, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாள்.

ஒன்று, குளிர் பட்டால் இடது காது குத்தும், துணி கட்டிவிடு. இரண்டு, நண்டு ஒத்துவராது, தடிப்பு வரும், கேட்டு அழுவாள், கொடாதே. மூன்று, பெரிய சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போவாள், ஏசவேண்டாம், கொஞ்சத்தால் தானாக வருவாள். ஏழு, தலை இழுக்கும்போது சிக்கைக் கீழேயிருந்து எடுக்கவேணும். பதினொன்று, பொய் சொல்லும்போது வலது கையைப் பின்னால் ஒளிப்பாள், கண்டும் காணாமல் இரு. இப்படியே போய், பதினேழாவது: என்னைப் பற்றிக் கேட்டால், சுகமாய் இருக்கிறா என்று சொல்லு.

சோமண்ணை கோயில் மண்டபத்தில் அதைப் பதினேழு வரையும் வாசித்தார். பிறகு வேட்டித் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

"இந்த ரெண்டாந்தாள் போகக்கூடாது தம்பி. இதை வாசிக்கிற எந்த மனுசனும் இவதான் தாயெண்டு தீர்ப்பு எழுதிப்போடுவான்."

'இணைப்பைக் காணோம்' என்று எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! முதல் தடவையாக ஓர் இணைப்பை என் கையால் கழற்றினேன். குண்டூசி கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.

ஆனி மாதம் வென்றோம். பெரியம்மா வெறும் பராமரிப்பாளர்தான் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே மேன்முறையீடு அனுமதிக்கப்படுகிறது என்று தீர்ப்பில் இருந்தது.

"ஸோ, பெரியம்மா பொய் சொன்னபடியால் நாங்கள் வின் பண்ணினம்?" என்றாள் வினோ.

"ஓம்."

"சுபா உண்மை சொன்னபடியால் லூஸ் பண்ணினம்?"

"ஓம்."

"நைஸ் கன்ட்ரி," என்றாள். எந்த நாட்டைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அன்று அவளுடைய பழைய ஒப்படையை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியை நல்ல புள்ளி போட்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் இளவரசி இருபத்திரண்டு வயதில் தீவுக்குத் திரும்புகிறாள். அடுத்த வருடம் தீவுகள் அமெரிக்காவின் கைக்குப் போகின்றன. அதற்கடுத்த வருடம், இருபத்துமூன்று வயதில், நோயில் இறந்துபோகிறாள். முடியைப் பறிகொடுத்த பெரியம்மா அந்தப் பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் நெடுங்காலம் உயிரோடிருந்தாள். இந்த வரியை வினோ எழுதி, வெட்டி, மறுபடியும் எழுதியிருந்தாள்.

இரண்டாந்தாள் குசினி அலுமாரியின் உட்கதவில் ஒட்டப்பட்டது. பவளம் அதைப் பாடமாக்கத் தொடங்கினாள். பத்து வருடத்தில் இந்த நாட்டு மொழியில் இருபது வசனத்துக்கு மேல் படிக்க மறுத்தவள், சோற்றுப்பானை கொதிக்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பாள். சோதினை வைத்தது வினோ. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் அவளுக்குத் தெரியும். "நம்பர் எய்ட், அம்மா?" என்று கேட்டுவிட்டு, விரலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பாள். பவளம் ஒரு சொல்லை மாற்றினாலும் விடமாட்டாள். பெரியம்மாவின் கையெழுத்தில் வினோ தமிழ் படித்தாள் என்பதை, என் பங்கு எதுவுமில்லாமல் இந்த வீட்டில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

7

ஐப்பசியில் சுபா வந்தாள். தெரிந்த குடும்பம் ஒன்று கொழும்பிலிருந்து கூட்டிவந்தது. விமான நிலையத்தில் பிள்ளையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அக்கா திரும்பி யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டாள். வெள்ளவத்தையில் இருக்கச் சொல்லிக் கேட்டோம். அங்கே தனக்கு என்ன வேலை என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் என்ன வேலை என்று திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஹீத்ரோவில் கதவு திறந்து திறந்து மூடிற்று. பன்னிரண்டு வயது, பவளத்தின் நெற்றி, என் காது, அக்காவின் நடை. வினோ எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

சுபா கிட்டே வந்து, பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். உத்தியோகத்தர்கள் இருக்கும் எல்லையைத் தாண்டியாயிற்றா என்று பார்த்தாள் என்பது அடுத்த சொல்லில்தான் விளங்கியது.

"சித்தி," என்றாள்.

பவளம் அவளைக் கிட்ட இழுத்தாள். கைப்பைக்குள்ளிருந்து கம்பளித் துண்டை எடுத்து, இடது காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டாள்.

"எனக்குக் காது குத்துமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அம்மா எழுதி அனுப்பினவ."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒன்றரை வருடம் வழக்காடி, பெரியம்மாவைப் பொய்யின் கீழ் கையெழுத்து வைக்கப்பண்ணி வாங்கிய பட்டத்தைப் பவளம் ஒரே வசனத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சீக்கியக் குடும்பம் மாலை போட்டுக்கொண்டிருந்தது.

"வேறை என்ன எழுதினவ?"

பவளம் கண்ணை மூடினாள். நின்ற இடத்திலேயே, ஆட்கள் பெட்டிகளோடு எங்களைச் சுற்றிப் போக, ஒன்றிலிருந்து தொடங்கினாள். நண்டு. மேசைக்குக் கீழே. தலைச் சிக்கு. சுபா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்று வந்தபோது தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள். பதினாறு முடிந்ததும் பவளம் கண்ணைத் திறந்தாள்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

சுபா கொஞ்சம் யோசித்தாள். "அம்மா சுகமாய் இருக்கிறாவோ? ஊருக்குப் போய்ச் சேந்திட்டாவோ?"

போய்ச் சேர்ந்த செய்தி எங்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. பதில் பவளத்துக்குப் பாடம். நாலு மாதமாகப் படித்த பாடம். வாயைத் திறந்தாள், மூடினாள். நான் சொல்லலாம். கச்சேரியில் இதைவிடப் பெரிய பொய்களைப் படிவத்தைப் பார்த்தபடியே சொன்னவன். எனக்கும் வரவில்லை.

வினோ எனக்குப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"சுகமாய் இருக்கிறா எண்டு... சொல்லச் சொன்னவ."

சுபா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "அவ அப்பிடித்தான் சொல்லுவா."